ஜெயமேரி அடித்து எழுதிய சொல்

"சார், நம்ம மேரிம்மா பூட்டாங்க சார்." நம் அலுவலக ஓட்டுநர் ஏழுமலை காலையில் போனில் இதைச் சொல்லிவிட்டு அழுதார். முந்தின நாள் மாலைவரை நம்மோடு வேலை பார்த்தவர் ஜெயமேரி. தூக்கத்திலேயே மாரடைப்பு.

சம்பளப் பட்டியல் போடும் பிரிவுக்கு நான் கண்காணிப்பாளர், அவர் எழுத்தர். பல வருடமாக எதிரெதிர் மேசை. நான் முன்கோபி என்பது இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் கத்தி முடிக்கும்வரை அவர் பேனாவை மூடிவைத்துக் காத்திருப்பதையும் பார்த்திருப்பீர்கள்.

அப்போது எல்லோரும் பழைய வரிமுறையில் இருந்தோம். பிள்ளைகளுக்குக் கட்டிய 'டியூஷன் பீஸ்' ரசீதைக் கொடுத்தால் வருமான வரி குறையும். ஒரு ஜனவரியில் ஏழுமலை ஒரு துண்டுச்சீட்டை நீட்டினார். ஏம்பலத்தில் அவர் மகளுக்குச் சாயங்காலம் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் டீச்சர் கையெழுத்துப் போட்டது. "இது செல்லாதுய்யா" என்று தள்ளிவிட்டேன். அப்படியானால் மீதி வரி முழுவதையும் பிப்ரவரிச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்துவிடுவோம். அந்தச் சம்பளத்தை நம்பித்தான் மகளின் கடைசி டெர்ம் கட்டணம் இருந்தது. கட்டாவிட்டால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று பள்ளியில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். மனிதர் சீட்டை மடித்துக்கொண்டு வெளியே போனார்.

ஜெயமேரி பின்னாலேயே ஓடினார். "இன்னா ஏழுமலை, ஸ்கூல்ல கட்டன ரசீது எங்க?"

"அது வூட்ல கீதும்மா. டியூஷனுக்குத்தான கேட்டாங்க?"

நம் ஊரில் டியூஷன் என்றால் சாயங்காலப் படிப்புதானே! சட்டமோ பள்ளிக்கூடக் கட்டணத்தை அந்தப் பேரில் சொல்கிறது. திரும்பி வந்த ஜெயமேரி, "தப்பு அவர்து இல்ல சார், வார்த்தையோடது" என்றார். மதியமே ஏழுமலை சரியான ரசீதோடு வந்தார். வரி குறைந்தது, பெண் பரீட்சை எழுதினாள். ரசீது கேட்ட சுற்றறிக்கையில் 'டியூஷன் பீஸ்' என்ற சொல்லை அடித்துவிட்டு, 'பிள்ளை படிப்புக்குப் பள்ளியில் கட்டிய பணம். பஸ், யூனிபார்ம் சேராது' என்று ஜெயமேரி கையால் எழுதி ஒட்டினார். அதைப் படித்து இன்னும் சிலர் பள்ளி ரசீதை எடுக்க வீட்டுக்கு ஓடினார்கள்.

அவரை அடக்கம் செய்த அன்று வில்லியனூர்க் கல்லறையில் இரண்டு பெண்கள் "அம்மா" என்று கதறினார்கள். ஜெயமேரிக்குக் கல்யாணமே ஆகவில்லை. பக்கத்தில் நின்ற உறவுக்காரரைக் கேட்டேன்.

"அக்கா பொண்ணுங்க சார். அக்கா செத்தப்பறம் இதுதான் வளத்துச்சி, படிக்க வச்சிது."

அக்கா பிள்ளைகளுக்குக் கட்டும் பணத்துக்குச் சலுகை கிடையாது. எத்தனையோ வீடுகளுக்கு வரியைக் குறைத்துக் கொடுத்தவர், தான் மட்டும் முழுசாகக் கட்டியிருக்கிறார்.

ஒருமுறை நான் கேலியாக, "பிள்ளையா குட்டியா, ரசீது மேல உனக்கு ஏம்மா இவ்வளவு அக்கறை?" என்றேன். "சட்டப்படி இல்ல சார்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வேலையைப் பார்த்தேன். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த வெட்கம்தான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. ஊழியர்களிடம் வரிப் படிவம் வாங்க உட்காரும்போதெல்லாம் அது என் பக்கத்தில் உட்காரட்டும்.