கத்திரிக்கோல் தலைவர்

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் ஒரு சின்ன ஊரில் வெர்லா ஹாஸ்கெட் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மாலையில் திரும்ப ஏற்றும்வரை தானியக் கிடங்கின் ஓரமாக வண்டியை நிறுத்தி, ஓட்டுநர் இருக்கையிலேயே நகைச்சுவை நாவல் எழுதினாள். குளிர்காலத்தில் கையுறையின் விரல் நுனிகளை வெட்டிப்போட்டுவிட்டு எழுதினாள்.

"இத யாரு படிக்கப் போறாங்க?" என்றான் கணவன் லாயிட்.

"மொதல்ல முடிக்கிறேன். ஆள அப்புறம் தேடிக்கலாம்."

பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. ஒவ்வொரு முறையும் சிரிப்பு வராத பக்கங்களைக் கிழித்தெறிந்துவிட்டுப் புதிதாக எழுதினாள். கடைசியில் சிகாகோவில் ஒரு சின்னப் பதிப்பகம் துணிந்து வெளியிட்டது. கதையில் ஒரு தலைவர் வருகிறார். ஒழுகிய குழாயை மாற்றினால்கூட ரிப்பன் வெட்டி, உரையாற்றி, கைதட்டல் வாங்குவார். பள்ளிக்கூடத்துக் கூரை மட்டும் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. பள்ளியை நிர்வகிக்கும் பள்ளிக் குழுவின் தலைவர் ஆர்டன் புரூக் சிரிக்கவில்லை. வெர்லாவோடு ஒரே வகுப்பில் படித்தவர். நேராகப் பேருந்துக்கே வந்துவிட்டார்.

"என்னை இப்படி நாறடிச்சிருக்கியே, நல்லாருக்கா?"

"ஒம் பேரு எங்கடா இருக்கு அதுல?"

"பேரு வேற போடணுமாக்கும்! காபி குடிக்கப் போனா, கத்திரிக்கோல் வேணுமான்னு கேக்குறானுங்க. ஞாயித்துக்கெழம சர்ச்சுல எல்லார் முன்னாடியும் அது நான் இல்லன்னு சொல்லு. இல்ல, பஸ் சாவிய வச்சிட்டுப் போ."

முதுகு போனதிலிருந்து லாயிட் வேலைக்குப் போகவில்லை. வீடு வெர்லாவின் சம்பளத்தில்தான் ஓடியது.

"நீதான்னு நான் சொல்லல, ஆர்டன். இல்லன்னும் சொல்ல மாட்டேன். மழை பேஞ்சா மூணாங்கிளாஸ்ல இன்னும் வாளி வைக்கிறாங்க."

சாவியை அவர் கையில் வைத்துவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனாள்.

வான்கோழி இறைச்சித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. நாள் முழுக்க நின்றே செய்யும் வேலை. கால் வீங்கியது. சர்ச்சில் பழைய தோழிகள் வேறு வரிசையில் போய் உட்கார்ந்தார்கள். ஆனால் அடுத்த பள்ளிக் குழுக் கூட்டத்துக்குப் பெற்றோர்கள் அந்தப் புத்தகத்தோடு வந்து, கூரையைப் பற்றிக் கேள்விமேல் கேள்வி கேட்டார்கள். கோடை விடுமுறையிலேயே கூரை மாறியது. ஆர்டன் அதற்கும் விழா எடுத்தார். வெர்லாவை யாரும் அழைக்கவில்லை, பேருந்தும் திரும்பக் கிடைக்கவில்லை.

மதிய இடைவேளையில் தொழிற்சாலை வாசலில் தன் பழைய காருக்குள் உட்கார்ந்து ரொட்டியைக் கடித்துக்கொண்டே அடுத்த நாவலைத் தொடங்கினாள். மேற்பார்வையாளர் கண்ணாடியைத் தட்டினார்.

"என்னையும் எழுதுறியா?"

"இன்னும் முடிவு பண்ணல," என்றாள் வெர்லா, எழுதுவதை நிறுத்தாமலே.