மூன்று ஆண்டு திறக்காத மூட்டை

வீட்டுச் சாமான்களைக் குறைக்கும் வேலையை ஜூன் மாதத்தின் இரண்டாவது திங்கட்கிழமை காலையில் தொடங்கினேன். மாதா கோவிலுக்குப் பின்தெருவில் நாற்பத்திரண்டு ஆண்டுகள் இருந்த மாடி வீட்டை விட்டு, லாஸ்பேட்டையில் இரண்டே அறை கொண்ட தரைத்தளத்துக்குப் போவதாக ஏற்பாடு. என் மனைவியின் வயிற்றில் ஒரு கட்டி இருப்பது தெரிந்திருந்தது. அறுவைக்குப் பிறகு அவள் மரப்படி ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அறுவை நான்காவது திங்களன்று. என் கையில் இருந்தது பதினான்கு நாள்.

எதற்கும் தேதி போட்டு வைப்பது என் பழக்கம். ஒரு பொட்டலம் கட்டினாலும் கட்டிய நாளைச் சீட்டில் எழுதி முடிச்சில் செருகிவிடுவேன். அந்தச் சீட்டுகளை நம்பி ஒரு விதி செய்துகொண்டேன்: மூன்று ஆண்டுகளாகத் திறக்காத எதுவும் புது வீட்டுக்கு வராது. அவளிடம் சொன்னபோது தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"அப்படின்னா மொதல்ல உங்க டைரிங்களத்தான் போடணும். எழுதுனதோட சரி, எப்பத் தெறந்து படிச்சீங்க?"

டைரிகளுக்கு மட்டும் விலக்கு அளித்தேன்.

முதல் வாரம் வேலை வேகமாக நடந்தது. பீங்கான் தட்டுகள், இரண்டு மேசை, மகன் பிரான்சுக்குப் போகுமுன் படித்த பாடப்புத்தகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாகப் படியிறங்கின. அறைகள் காலியாகக் காலியாக நாங்கள் பேசுவது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. அவள் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். வியாழக்கிழமை அவள் தங்கையோடு ரத்தப் பரிசோதனைக்குப் போயிருந்த நேரத்தில், பிரெஞ்சுப் படையில் சொல்தாவாக இருந்த என் அப்பாவின் இரும்புப் பெட்டியைத் திறந்தேன். உள்ளே மூன்று துணி மூட்டைகள். மூன்றாவது, தலையணை உறையில் இறுகக் கட்டியது, அந்துருண்டை வாசம். சீட்டில் என் கையெழுத்தில் 'துணி' என்றும் பதினோரு ஆண்டுக்கு முந்தைய தேதியும் இருந்தன. முடிச்சை அவிழ்க்கவில்லை. பழைய துணி சேகரிக்கும் கோவில் சபைப் பெண்களிடம் மூன்றையும் கொடுத்தேன்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மாலை, ஆஸ்பத்திரிக்குப் பை கட்டும்போது அவள் கேட்டாள். "அந்த மூட்டைய எடுத்து வெளியில வைங்க. போறதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துட்டுப் போறேன்."

எங்கள் உறவுக் குடும்பங்களில் அதற்கு வேறு பெயர் கிடையாது, 'அந்த மூட்டை' என்றுதான் சொல்வார்கள். சவப்பெட்டியில் வைக்கும்போது உடுத்துவதற்கான வெள்ளைப் புடவை, ரவிக்கை, கழுத்தில் போடும் உத்தரீயம், ஜெபமாலை, மந்திரித்த மெழுகுவர்த்தி. அவளுடையதில் நீல நாடாவில் கோத்த சபைப் பதக்கமும் உண்டு. நடமாடும் காலத்திலேயே தன் கையால் கட்டி வைத்துவிட வேண்டும். நோய் என்று பெயர் வந்த பிறகு அதை வாங்குவது சாவை வாசலுக்குப் போய் அழைத்து வருவது போல என்பார்கள். பதினோரு ஆண்டுக்கு முன் அவள் கட்டி நீட்டியபோது வேறு என்ன எழுதுவது என்று தெரியாமல் 'துணி' என்று எழுதியவன் நான்.

உண்மையைச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"எனக்குன்னு வேற எதுவும் எடுத்து வெக்கலியே நானு," என்றாள். பிறகு, "புதுசு வாங்கிடாதீங்க. இப்ப வாங்கக்கூடாது."

சனிக்கிழமை காலையில் போய் விசாரித்தபோது சபைப் பெண் ஒருத்தி நினைவுபடுத்திக்கொண்டு சொன்னாள்: பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் ஒரு பெண், படுக்கையில் கிடக்கும் மாமியாருக்குப் பருத்தித் துணி கேட்டிருந்தாளாம், தலையணை உறை மூட்டையை அவிழ்க்காமல் அப்படியே கொடுத்தார்களாம். மார்க்கெட்டில் அவள் உட்காரும் இடம் காலியாகக் கிடந்தது. பக்கத்துக்காரி, வீட்டில் சாவு என்றாள். ஸ்கூட்டரை அவள் ஊரான பிள்ளைச்சாவடிக்கு விட்டேன். போகும் வழியெல்லாம், நான் அங்கே என்ன சேதியைக் கேட்கப் போகிறேன் என்று எனக்கு முன்பே தெரிந்திருந்தது.

மீன்காரப் பெண் என்னை நாற்காலியில் உட்கார வைத்தாள். மாமியார் செவ்வாய்க்கிழமை விடியற்காலை இறந்திருக்கிறார். துணி தேட அவிழ்த்தால் எல்லாம் வரிசையாக இருந்ததாம், மெழுகுவர்த்தி உள்பட.

"மாதாவே அனுப்புனாங்கன்னு நெனச்சோம் ஐயா. அந்தப் பதக்கத்தோட படுக்க வெச்சப்ப மாமியா மொகம் அவ்ளோ தெளிவா இருந்துச்சு. யாருதுங்க அது?"

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிளம்பும்போது கூரையின் விளிம்பில் செருகியிருந்த ஒரு சுருட்டலை எடுத்து வந்தாள். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. என் அளவு. எனக்கும் சேர்த்து என் மனைவி கட்டி வைத்திருக்கிறாள்; எனக்குத் தெரியாது.

"ஆம்பள துணி எங்களுக்கு இப்ப வேணாங்க. உள்ள வெச்சுக்கக் கூடாதுன்னு வெளியில வெச்சேன்," என்றாள் மீன்காரப் பெண்.

அதைக் கால்களுக்கு நடுவில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓட்டி வந்தேன். மனைவி வாங்கிப் பிரித்து, சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்து, மறுபடி மடித்தாள். அந்தக் கிழவிக்கு என்ன வயது என்று மட்டும் கேட்டாள். தெரியாது என்றேன். எதையும் விசாரித்து எழுதி வைக்கும் நான் அதைக் கேட்காமல் வந்திருந்தேன்.

திங்களன்று அறுவை முடிந்தது. கட்டியைச் சோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். லாஸ்பேட்டை வீட்டில் எங்களுக்கு ஒரே ஒரு அலமாரி. என் தட்டில் வேட்டி சட்டை இருக்கிறது, அவள் தட்டில் அந்த மூட்டைக்கான இடத்தில் எதையும் வைக்க அவள் விடுவதில்லை. சோதனை முடிவு நாளைக் காலை பதினொரு மணிக்கு.

இன்று மத்தியானம் சாப்பிடும்போது சொன்னாள்: "கெட்டது ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டாங்கன்னா, அப்படியே மார்க்கெட் பக்கம் போயி வெள்ளப் பொடவ எடுத்துட்டு வந்துடலாம். ஒடம்பு நல்லா இருக்கறப்பவே கட்டி வெச்சுடறேன்."

"வேற மாதிரி சொன்னா?"

குழம்பை என் பக்கம் நகர்த்தினாள்.

"சொன்னா, நேரா வீட்டுக்கு வந்துடுவோம்."