தாத்தாவுக்கு ஒரு குதிரை

நாலு பேர் முன்னால் எழுந்து நின்று, என் தாத்தாவின் தாத்தா குதிரைப்படைத் தலைவர் என்று சொல்லிவிட்டேன். குதிரையை நான் கிட்டப் பார்த்ததே ஒரு கல்யாண ஊர்வலத்தில்தான். அதுவும் என்னைக் கடிக்க வந்தது.

ராஜபாளையத்தில் ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம். "அவங்கவங்க குடும்பத்து வேரைத் தேடுற மாதிரி ஒரு சரித்திர நாவல் கொண்டாங்க" என்றார் தலைவர், ஓய்வுபெற்ற வங்கி மேலாளர். தேடினோம். அத்தனை பேருடைய வேரும் நேராக அரண்மனைக்குள் போயிருந்தது. ஒருவருக்கு முன்னோர் அரசர், இன்னொருவருக்கு மந்திரி. ஏர் பிடித்தவனும் துணி வெளுத்தவனும் பிள்ளை பெறாமலே செத்திருப்பார்கள் போல. எங்கள் ஊரில் நாய்க்குட்டி வாங்க வருகிறவர்கூட அதன் அப்பன் ஆத்தாளைக் காட்டச் சொல்லிவிட்டுத்தான் விலை பேசுவார். வட்டத்தில் அந்த அளவுக்குக்கூட யாரும் விசாரிக்கவில்லை. பால்கோவா தின்ற விரலோடு அவரவர் ராஜாவைப் புரட்டிக் காட்டினார்கள்.  இத்தனைக்கும் முகம் சுளித்துவிட்டுத்தான் நானும் எழுந்தேன்.

நான் கொண்டுபோன நாவலில் வத்திராயிருப்புப் பக்கத்துக் குதிரைப்படைத் தலைவர் ஒருவர் வருகிறார். எங்கள் பூர்வீகம் வ. புதுப்பட்டி, பக்கத்து ஊர். எனக்கு அது போதுமானதாக இருந்தது, என்ன செய்ய? கூட்டம் கைதட்டியது. "இதையே வாசிப்போம். உங்கப்பா படம் போட்டு ஒரு பக்க முன்னுரை எழுதிக் குடுத்துருங்க" என்றார் தலைவர்.

வீட்டுக்கு வந்து அந்தப் புத்தகத்தை முகர்ந்து பார்த்தேன். பசை வாசம் மட்டும்தான்.

அப்பா ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் இருந்த வாடகை நூலகத்திலிருந்து சரித்திர நாவல்களாக எடுத்துவருவார். அருவருப்பான புத்தகங்கள். எச்சில் தொட்டுப் புரட்டிய மூலைகள், மூக்குப்பொடிக் கறை, யாரோ தலைக்கு வைத்துத் தூங்கிய எண்ணெய்ப் பிசுக்கு. அப்பா படித்த பக்கங்களில் பஞ்சு ஒட்டியிருக்கும். அவர் புருவத்திலேயே எப்போதும் கொஞ்சம் இருக்கும். அவர் கீழே வைத்ததும் நான் எடுத்து, சண்டை வரும் பக்கங்களை மட்டும் படிப்பேன்.

ஒரு மத்தியானம் நான் அப்படிப் படித்துக்கொண்டிருக்கையில் அவராகவே ஆரம்பித்தார்.

"எங்கய்யா இருக்காகளே, அவிய புதுப்பட்டிய விட்டு எதுக்கு வந்தாகன்னா..."

"செத்த இருங்கப்பா, கோட்டைய வளைச்சிட்டாங்க."

இருந்தார். கோட்டை விழுவதற்குள் ஷிப்டுக்கு நேரமாகி, டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். அப்புறம் அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நூலகம் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கடை. மில்லை இடித்து பிளாட் போட்டு விற்றாயிற்று. தாத்தா ஏன் ஊரைவிட்டு வந்தார் என்று சொல்ல எங்கள் குடும்பத்தில் ஆள் இல்லை. ஆனால் அந்தக் கோட்டை எப்படி விழுந்தது என்று கேளுங்கள், வாசல் வாசலாகச் சொல்வேன்.

மம்சாபுரத்தில் இருக்கும் அக்காவுக்குப் போன் போட்டு, அப்பா படம் ஒன்று வேண்டும் என்றேன். எதற்கு என்றாள். சொன்னேன். 

"மில்லு டவுசரோட நிக்கிற படம் ஒண்ணுதாம்லே இருக்கு. குதிரையில போறவருதான் வேணும்னா நீ வேற அப்பனப் பாத்துக்கோ."