நகத்தில் தட்டிய கீறல்

அக்காவுக்கு ஒரு குணம்: தோற்றுப்போன வேலை கண்ணெதிரே நின்றால் ஒரு வாய் தேநீர்கூட நிம்மதியாக இறங்காது. பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். முதலாளியான சொந்தத் தம்பிக்கும் சரி, அவளைவிடப் பத்து வயது மூத்த பெயின்டருக்கும் சரி.

அன்று தையற்கடைக்காரியின் கார் மூன்றாவது தடவையாக உள்ளே வந்தது. கேம்ஷாஃப்ட் ஆயில் சீல் ஒழுகுகிறது. சுழலும் ஷாஃப்டைச் சுற்றி ஆயிலைத் தடுக்கிற, என்னவோ ஒரு சின்ன ரப்பர் வளையம்தான். ஆனால் அது ஒழுகினால் ஆயில் நேரே டைமிங் பெல்ட்டில் இறங்கும், பெல்ட் நழுவினால் இன்ஜின் கதை கந்தல். முதல் தடவை மாற்றியது அக்கா, இரண்டாவது தடவை தம்பி. இரண்டுமே ஒரு வாரம் தாங்கவில்லை.

"இந்தத் தடவையும் ஒழுகிச்சுன்னா இன்ஜின் பக்கமே நீ வரக்கூடாதுக்கா. டயர், வாட்டர் சர்வீஸ், அவ்வளவுதான்," என்றான் தம்பி.

"நீ போட்டதும்தானேடா ஒழுகிச்சு?"

"நான் முதலாளி."

அக்காவுடையது இருபது வருடமாக இன்ஜினுக்குள்ளேயே பழகிய கை. அதைக் கொண்டுபோய் டயரில் வைப்பதா?

திரும்ப அதே இடத்தில் மாட்ட வெள்ளைப் பெயின்டால் அடையாளம் வைத்துவிட்டுப் பெல்ட்டையும் பற்சக்கரத்தையும் கழற்றினாள். பழைய சீலில் துளை போட்டு, ஸ்க்ரூவைத் திருகி, குறட்டால் இழுத்தாள். சமத்தாக வந்தது. புதுசை உடனே மாட்டாமல், ஷாஃப்டைத் துடைத்து நகத்தால் வருடிப் பார்த்தாள். ஓரிடத்தில் நகம் தட்டியது. கண்ணுக்கே தெரியாத கீறல், சரியாக ரப்பரின் விளிம்பு உட்காரும் இடத்தில்.

யார் வேலை என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முதல் தடவை, சீல் வர மறுத்த ஆத்திரத்தில் ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்பியது அவள்தான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

நைஸ் உப்புத்தாளால் தேய்த்தாள். கீறல் முழுதாகப் போகவில்லை. சீலை அடிவரை தட்டி இறக்குவதுதான் பட்டறை வழக்கம். அவளோ ஒரு மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்தினாள், விளிம்பு கீறலைத் தாண்டி வழவழப்பில் உட்காரட்டும் என்று.

தம்பி எட்டிப் பார்த்தான். "என்னக்கா, பாதியில நிக்குது? ஒழுகுமே!"

"ஒழுகினா நீ சொன்ன இடத்துக்குப் போறேன். இப்ப நகரு, வெளிச்சத்தை மறைக்கிற."

பத்தாம் நாள் தையற்கடைக்காரி காரோடு வந்தாள். தம்பியே பெல்ட் கவரைக் கழற்றிப் பார்த்தான். ஒரு பொட்டு ஆயில் இல்லை.

"முன்னாடி போட்ட ரெண்டு சீலும் மட்டச் சரக்கும்மா," என்றான் அவன், வாய் கூசாமல்.

அப்படியே விட்டுவிடலாமா என்று அக்காவுக்கும் ஒரு நொடி தோன்றத்தான் செய்தது.

"சீல் மேல தப்பில்லம்மா. மொதல் தடவை நெம்பி ஷாஃப்டைக் கீறினது நான். இப்ப சரி பண்ணினதும் நான்தான்."

தம்பிக்கு முகம் செத்துப்போயிற்று. தையற்கடைக்காரி அவளையே பார்த்தாள்.

"வண்டியில்லாம எத்தனை நாள் துணி மூட்டையத் தூக்கிட்டு அலைஞ்சேன், தெரியுமா?"

"தெரியும்மா. என்னாலதான்."

தையற்கடைக்காரி தம்பியைத் தாண்டி வந்து சாவியை அக்காவிடம் நீட்டினாள்.

"பிரேக்ல ஏதோ சத்தம் வருது. நீயே பாரு. என்னன்னு எங்கிட்ட நீயே சொல்லு."