படிவத்தின் ஆறாவது கட்டம்

திண்டிவனத்தில் வீட்டிலிருந்தபடியே நான் செய்யும் வேலையை யாருக்கும் சுலபமாகச் சொல்லிப் புரியவைக்க முடிந்ததில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஓர் உருளைப்புழு. அதன் தசைச் செல்கள் ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. எந்தச் செல் எந்த வகை, எந்த உறுப்பின் பகுதி என்று கணினி அட்டவணையில் பொருத்துகிறேன். உடல் சுவரில் மட்டும் தொண்ணூற்றைந்து செல்கள், நான்கு வரிசைகளில். மூன்று வரிசைகளில் இருபத்து நான்கு. அடிப்புற இடது வரிசையில் இருபத்து மூன்று. ஆதாரமில்லாமல் எதையும் ஒரு வகையில் சேர்க்க மாட்டேன். சந்தேகம் இருந்தால் ‘வகை உறுதியாகவில்லை’ என்று குறித்து நிறுத்திவிடுவேன்.

என் தம்பிக்குப் போன வருடத்திலிருந்து கால் தசைகள் இளைத்துக்கொண்டே வருகின்றன. லோடு வேன் ஓட்டியவனால் இப்போது கிளட்சை மிதிக்க முடியவில்லை. மருத்துவர் ஒரு நோயின் பெயரைச் சொல்லி, “அநேகமா இதுதான், மரபணுச் சோதனை முடிவு வரட்டும்” என்றார். அதற்குள் விழுப்புரத்தில் மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் முகாம் வந்துவிட்டது. சான்றிதழ் கிடைத்தால் மூன்று சக்கர ஸ்கூட்டருக்கு விண்ணப்பிக்கலாம். மகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடவாவது அவன் வாசலைத் தாண்டலாம்.

படிவத்தை நான்தான் நிரப்பினேன். ஆறாவது கட்டம், நோயின் வகை. யோசிக்கவே இல்லை. ‘வகை உறுதியாகவில்லை’ என்று என் நல்ல கையெழுத்தில் எழுதினேன்.

முகாமில் மேசைக்குப் பின்னால் இருந்த பெண் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

“யாரும்மா இதை எழுதுனது?”

“நான்தாங்க.”

“டாக்டரு வாயால என்னா சொன்னாரு?”

சொன்னேன்.

“அதை எழுதியிருந்தா உள்ள அனுப்பியிருப்பேனே! உள்ள இருக்கற டாக்டருங்க பாத்துட்டு முடிவு பண்ணுவாங்க. நீங்களே உறுதி இல்லன்னு எழுதி தம்பி கையெழுத்தும் வாங்கிக்கினு வந்திருக்கீங்க. ரிசல்ட்டோட அடுத்த கேம்ப்புக்கு வாங்க.”

“வேற படிவம் குடுங்க, மாத்தி எழுதித் தர்றேன்.”

“கம்ப்யூட்டர்ல ஏத்தியாச்சே.”

அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்த தம்பியிடம் நடந்ததைச் சொன்னேன்.

“வுடுக்கா. தெனமும் குந்திக்கினு புழுவுக்குப் பேரு வெக்கிற, சொந்தத் தம்பிக்கு ஒண்ணு வெக்க மனசு வரல பாரு” என்று சிரித்தான்.

திண்டிவனம் பேருந்தின் முதல் படி உயரம். கம்பியைப் பிடித்து வலது காலை வைத்துவிட்டான். இடது கால் வரவில்லை. “ஜல்தி ஏறுங்கப்பா” என்றார் நடத்துநர். நான் குனிந்து அந்தக் காலை இரண்டு கைகளாலும் தூக்கிப் படியில் வைத்தேன். கெண்டைக்கால் என் ஒரு கைப்பிடிக்குள் அடங்கியது.

உட்கார்ந்து மூச்சு வாங்கியபின் கேட்டான்: “அடுத்த கேம்ப் எப்பக்கா?”

பையிலிருந்து நாட்குறிப்பை எடுத்தேன். புறப்பட்ட நேரம், வரிசை எண், மேசை எண் எல்லாம் குறித்திருந்தேன். அதை மட்டும் கேட்காமல் வந்திருந்தேன்.