அத்தையின் நாக்கு

எங்கள் தெருவுக்குள் கம்பெனி வேன் வந்தது ஒரே ஒரு தடவைதான். தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு வேலைக்குப் போகிற பெண்கள் மெயின்ரோடு வரை நடந்துபோய்த்தான் அதில் ஏறுவார்கள். அன்று சாயங்காலம் அது வாசல் வரை வந்தது. முன்சீட்டில் போர்மேன், பக்கத்தில் உடுக்கை அடித்துக் குறி சொல்லும் கோடாங்கி. நான் சந்தோஷமாகப் பின்னாலேயே ஓடினேன்.

முந்தின வாரம் மருந்து அறை ஒன்று வெடித்ததில் பக்கத்து வீட்டு அக்காள் இறந்துபோயிருந்தாள். அதே அறையில் வேலை பார்த்த என் அத்தை, அப்பாவின் தங்கை, அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. அதற்கு முதல் நாள் போர்மேனிடம், "இம்புட்டுப் பேரை ஒரே ரூம்ல அடைச்சா ஒருநாள் மொத்தமாப் போயிருவோம்" என்று சொல்லியிருக்கிறாள். "நாளைக்கு நீ வராத" என்று அவர் அனுப்பிவிட்டார். அவர் சொன்னதைத் தெரு மறந்துவிட்டது. அத்தை சொன்னதை மறக்கவில்லை. கருநாக்குக்காரி, சொன்னது பலித்துவிட்டது என்றார்கள்.

அம்மன் கோயில் முன்னால் அவளை உட்கார வைத்தார்கள். நாக்கில் கரும்புள்ளி இருந்தால் ஊரைவிட்டு அனுப்புவதாகப் பேச்சு.

"அடியே, எம் மகளை வாயாலயே தின்னுட்டியே!" என்று அக்காளின் தாய் மாரில் அடித்துக்கொண்டாள்.

"நான் யாரையும் சபிக்கலக்கா. ஆளைக் குறைங்கன்னுதான் கேட்டேன். இந்தா, போர்மேன் இங்கனதான நிக்காக, அவுகளையே கேளுங்க!"

உடுக்கைச் சத்தம் கூடியது. அதற்குப் பிறகு அத்தையின் உதடு அசைந்தது மட்டும்தான் தெரிந்தது. அதே கம்பெனியில் லோடு ஏற்றும் அப்பா தரையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நாக்கை நீட்டு தாயி" என்றார் கோடாங்கி.

இருட்டிக்கொண்டு வந்தது. போர்மேன் கூட்டத்தை விலக்கி வந்து தன் டார்ச்சைக் கொடுத்தார். கோடாங்கி குனிந்து பார்த்தார். "இந்தா கெடக்குல்ல!" எல்லோரும் எட்டிப் பார்த்தோம். எனக்கும் புள்ளி தெரிந்ததுபோலத்தான் இருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் அத்தை சாத்தூருக்குப் போய்விட்டாள். திரும்பி வரவே இல்லை. அவள் இடத்துக்குக் கம்பெனியில் அம்மாவைக் கூப்பிட்டார்கள்.

தீபாவளி சீசன் நெருங்கியபோது ஒருநாள், வேலை முடிந்து வந்த அம்மாவிடம், "உங்க ரூம்ல இப்ப எத்தன பேரும்மா?" என்று சும்மாதான் கேட்டேன்.

அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். கழுவியும் போகாத வெள்ளிப்பொடி அவள் விரல்களில் மின்னியது. எனக்கும் கருநாக்கு வந்துவிடும் என்று பயப்படுகிறாள் என்றே நினைத்தேன்.