முட்டம் பாறையில் ஒரு சிவப்புத் துண்டு

முட்டத்தில் காரை நிறுத்துகிறோம். மழை அரித்த செம்மண் மேடுகளையும் கடலோரக் கரும்பாறைகளையும் பார்த்ததும் எனக்குள் ஒரு பாலைவன வீரன் எழுந்துவிடுகிறான். தொப்பை குலுங்க உச்சிப் பாறையில் ஏறி, சிவப்புத் துண்டைத் தலைக்கு மேல் சுழற்றுகிறேன். மனைவி கீழிருந்து படமெடுக்கிறாள். கடலில் ஒரு வள்ளம் சட்டென்று திரும்புகிறது.

கரையில் நின்ற மீனவர் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வருகிறார்.

"சாரே, மீன்கூட்டம் எந்தப் பக்கம் நிக்குது?"

"மீனா? போட்டோவுக்காக வீசினேன், அண்ணாச்சி."

"அய்யோ! இங்க நின்னு துண்டு வீசினா மீனைக் கண்டாச்சுன்னாக்கும் அர்த்தம். வள்ளத்துக்காரனுவ வலையை இறக்கியாச்சே! இனி கரையில நின்னு இழுக்கணும்லா!"

மனைவி காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறாள். நான் துண்டை இடுப்பில் கட்டி, கரையில் வலை இழுப்பவர்களோடு கயிற்றைப் பிடிக்கிறேன். ஒரு கூடை மத்தி மீனாவது வந்துவிட வேண்டும். பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக்கூட நான் இப்படி வேண்டிக்கொண்டதில்லை.